நான் பார்க்காத இரண்டாம் பாதி

தோஸ்த்,

என் இரண்டு காலும் இப்போது வாளிக்குள் இருக்கின்றன. கடுக்காய்த் தண்ணீர். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. பலகையை மடிமேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதற்காக என்னைக் கிண்டல் செய்யாதே. நீ இருந்த வரை உனக்கு ஒரு வரி எழுதியவனில்லை நான். காலையில் தோல் டேனரி வாசல், நடுவில் சோற்று மணி, சாயங்காலம் பாலாற்று மணலில் பசங்களின் பந்தாட்டத்தை வேடிக்கை பார்ப்பது என்று மூன்று வேளையும் உன் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், எதற்கு எழுதுவது? போன ஐப்பசியில் ஜுரம் வந்து ஐந்தாம் நாள் நீ பாட்டுக்குப் போய்விட்டாய். ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா? நம் டீம் ஃபைனலுக்கு வந்திருக்கிறது. ஆட்டம் நாளைக்கு. அதே ஜோலார்பேட்டை மைதானம், அதே ரயில்காரர்கள்.

சந்தோஷப்படாதே, முழுவதையும் கேள். நம் டீம் இப்போது பாதி ஆஸ்பத்திரியில் இருக்கிறது.

கரீமுக்கு வலது முட்டி போய்விட்டது. செமி ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் கோலைப் போட்டுவிட்டு விழுந்தான், எழுந்திருக்கும்போது முட்டி தேங்காயளவு வீங்கியிருந்தது. ஆலங்காயத்து வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துக் கட்டுப் போட்டு, "இருபது நாளைக்குள்ள இந்தக் கட்டை அவுத்தா அப்புறம் என்னாண்ட வராதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இஸ்மாயில் இருக்கிறானே, நமக்குப் பின்னால் நின்று தடுக்கிறவன், அவன் மைதானத்தில் ஒரு கீறல் படாமல் செமி ஃபைனலை ஆடி முடித்தவன். மறுநாள் சுண்ணாம்புக் குழி ஓரத்தில் வழுக்கிக் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குழியையே மண்ணைப் போட்டு மூடியிருப்பேன். அதே வாரம் கோல்கீப்பர் பெருமாள் தோல் சீவும்போது கத்தி நழுவி இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். ஏழு தையல். இந்த மூன்று பேரும் இல்லாமல் நம்மிடம் மிச்சம் இருப்பது பத்துப் பேர்.

பத்துப் பேரை வைத்து ஆடலாமே என்பாய். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் போட்டி நடத்தும் கமிட்டியின் சட்டம் உனக்குத் தெரியாததா? ரெஃப்ரி முதல் விசில் ஊதும்போது பதினொரு பேர் கோட்டுக்குள் நிற்க வேண்டும். அதற்கப்புறம் எவன் விழுந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பதினொன்று இல்லையென்றால் ஆட்டமே இல்லை, கோப்பை எதிராளிக்கு. வேறு ஆளைத் தேடலாமென்றால் நாளை ஞாயிறு. ரயில்காரர்களுக்கு ஞாயிறு லீவு, நமக்கு வெள்ளி. ஆட்டக்காரர்களுக்கு லீவு கேட்டு வாங்கவே நாக்குத் தள்ளிவிட்டது.

வெள்ளியும் ஞாயிறும்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் நம் குடியைக் கெடுத்தன, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

அப்போதும் ஃபைனல். புதன்கிழமைதான் கடிதம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று. அவர்கள் பூட்ஸ்காரர்கள், நம் பசங்கள் வெறுங்கால். மைதானமோ முழுக்கச் சரளைக்கல். மணலில் ஓடிப் பழகிய கால் அங்கே என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேரும் சோற்று மணி நேரத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டோம். நீதான் சொன்னாய், "தோலை ஊறப்போட்டு ஊறப்போட்டுத்தானே கெட்டியாக்கறோம். பசங்க காலையும் ஊறப்போட்டா இன்னா?" அடடா, என்ன யோசனை என்று நான் துள்ளிக் குதித்தேன்.

ஆனால் நீ குழிக்குள் இறங்கி வேலை செய்தவன். உனக்கு முறை தெரியும். தோலை எடுத்த எடுப்பில் புது ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போடக் கூடாது. ஊறி ஊறிச் சாரம் போன பழைய தண்ணீரில் முதலில் போட வேண்டும், அப்புறம் கொஞ்சம் வலுவானது, அப்புறம் அதைவிட வலுவானது, எல்லாம் முடிந்த பிறகு கடுக்காய். அவசரப்பட்டு நேராகப் புதுத்தண்ணீரில் போட்டால் மேல்தோல் மட்டும் சுருக்கென்று பிடித்து இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும், மடித்தால் பிளந்துவிடும். ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நான் பட்டை நிறுத்து வாங்கிக் கணக்கெழுதுகிற ரைட்டர். பட்டையின் எடை தெரிந்தவனுக்குத் தண்ணீரின் வலு தெரியுமா?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நீ வந்தாய். பசங்கள் பதினொரு பேரும் பட்டைக் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதுக்கு எட்டாமல் நாம் இரண்டு பேர் மட்டும் குழியோரம் போனோம். நீ புதுக்குழித் தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தாய். முகம் சுளித்தது.

"துவர்ப்பு ரொம்ப ஜாஸ்திடா ரைட்டரு. இது வேணாம். பழைய தண்ணியில இருந்து ஆரம்பிச்சா ஒம்பது நாளு ஆவும்."

"ஒம்பது நாளுக்கு எங்க போறது? இன்னைக்கு ஒரு நாளுதான் லீவு. நாளைக்கு எல்லாரும் வேலைக்குப் போய்டுவானுங்க. போடு இதுலயே."

"கால் பிளந்துடும்டா."

"தோலுக்குத்தான் அதெல்லாம். இது உசுரு இருக்கற காலு. நீ சும்மா பேஜார் பண்ணாதே!"

நீ வாளிகளை எடுத்து வைத்தாய். பிடிவாதத்தில் உன்னை நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். பொழுது சாயும் வரை பசங்கள் கால்களை ஊறவைத்துக்கொண்டு பாட்டுப் பாடினார்கள். சனிக்கிழமை உள்ளங்கால்கள் பலகை மாதிரி இருந்தன. தட்டிப் பார்த்துவிட்டு நான் ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஜோலார்பேட்டையில் நம் பசங்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வரும்போது கூட்டத்தில் பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்கள். தோல்காரன் வந்துட்டான், தோல்காரன் வந்துட்டான் என்று ஒரே கூச்சல். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. நீயோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். "மூக்கைப் புடிக்க ஒரு கை போய்டுச்சு. பாவம், நம்ம கோல் போட்டா எப்படிக் கை தட்டுவாங்க?" என்றாய். பக்கத்தில் மூக்கைப் பொத்தியிருந்த ஆளே சிரித்துவிட்டான்.

கோல் போட்டால்தானே. பத்து நிமிஷத்தில் முதல் கால் பிளந்தது. பலகை மாதிரி இருந்த தோல் மடியவில்லை, விரலடியிலும் குதியிலும் வாய் வாயாகத் திறந்துகொண்டது. சரளைக்கல் அதற்குள் புகுந்தது. ஒவ்வொருவனாக நொண்ட ஆரம்பித்தான். மைதானத்தில் ரத்தச் சுவடு தெரிந்தது. பசங்கள் பந்தைப் பார்க்கவில்லை, அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தரையைப் பார்த்தார்கள். இடைவேளைக்குள் நான்கு கோல்.

இடைவேளை விசில் ஊதியதும் நம் ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் எழுந்தார்கள். "எவன்டா இந்த வேலையப் பண்ணது?" என்று ஒருத்தர் கத்தினார். என் காதில் அது விழுந்தது. அப்புறம் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். உன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கூட்டத்தின் பின்னால் நழுவி, தண்டவாளத்தைத் தாண்டி, ஸ்டேஷனுக்கு ஓடி, கிடைத்த வண்டியில் ஏறிவிட்டேன். வாணியம்பாடி வரை தலையைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நடந்த இரண்டாம் பாதியை நான் பார்க்கவில்லை.

பிறகு ஊரே பேசியதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். நீ நேராகப் பசங்கள் நடுவில் போய் நின்று, "என் யோசனைதான். அடிக்கணும்னா ஆட்டம் முடிஞ்சதும் அடிங்க, இப்ப வேலை இருக்குது" என்றாயாம். ரம்ஜானுக்கு எடுத்த புது லுங்கியைக் கிழித்துப் பட்டைப் பட்டையாக்கி, சரளையில் மண்டியிட்டு, பதினொரு பேர் காலையும் துடைத்துக் கட்டினாயாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றைக்குக் கேப்டனாக இருந்த கோவிந்தன், போதும் பாய், போய்டலாம் என்றானாம். நீ சொன்ன பதிலை ஆம்பூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள்: "தோத்துட்டுப் போலாம்டா. பாதியில போவக் கூடாது." பசங்கள் துணிக்கட்டோடு எழுந்து உள்ளே போனார்கள். ஏழு கோல் வாங்கித் தோற்றார்கள். ஆனால் கடைசி விசில் வரைக்கும் பதினொரு பேரும் நின்றார்கள். நீ மிச்சமிருந்த கால்வாசி லுங்கியைக் கட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் வந்து இறங்கினாய்.

மறுநாள் காலை பட்டைக் கொட்டகை வாசலில் நீ நின்றிருந்தாய். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "செகண்ட் ஹாஃப் நல்லா இருந்துச்சுடா. நீ பாக்கல" என்றாய். அவ்வளவுதான். நீ என்னை நாலு அறை விட்டிருந்தால் மறந்திருப்பேன். இந்த ஆறு வருஷமும் அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை, பாவி!

சரி, போன வாரத்து வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதே பட்டைக் கொட்டகையில் டீம் கூடியது. செகரட்டரியாக இருக்கும் மேஸ்திரி ஒரு கடிதத்தோடு வந்திருந்தார். எங்கள் ஆட்டக்காரர்கள் பலர் அடிபட்டிருப்பதால் இவ்வருஷம் ஃபைனலிலிருந்து விலகிக்கொள்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார். கரீம் முட்டியைத் தடவிக்கொண்டு அழுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடிதத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"யாரைக் கேக்கணும்? வெளியில நின்னு கத்தறவனுக்கு இன்னாய்யா தெரியும் அடிபட்டவன் வலி?" என்றார் மேஸ்திரி.

உடனே கோவிந்தன் எனக்காக எழுந்தான். இப்போது அவன் ஆடுவதில்லை, பசங்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறான். "மேஸ்திரி, ரைட்டர் அண்ணனை அப்படிச் சொல்லாதீங்க. அன்னைக்கு எங்க கால் பிளந்தப்ப இவருதான் தண்ணிக்கு ஓடனாரு. கூட்டத்துல மிதிபட்டு, செருப்பைத் தொலைச்சிட்டு, திரும்பி வர முடியாம போய்டுச்சு. பாய் எங்ககிட்ட சொல்லியிருக்காரு."

தோஸ்த், இதை எப்போதடா சொன்னாய்? ஆறு வருஷமாக ஊரில் ஒருத்தரும் என்னை ஒரு கேள்வி கேட்காதது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பழியையும் நீ வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு நல்ல பெயரையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறாய். அதிலும் அந்தச் செருப்பு! தொலைந்த செருப்பு வரைக்கும் ஜோடித்திருக்கிறாயே, உன்னை என்ன சொல்வது?

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"தண்ணிக்குப் போவல. ஓடிட்டேன்" என்றேன். "புதுக்குழித் தண்ணியில போடச் சொன்னதும் நான்தான். பாய் வேணாம்னான். நான் கேக்கல."

கோவிந்தன் தன் காலைக் குனிந்து பார்த்தான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. காறித் துப்புவான் என்று நினைத்தேன். அவன், "அந்தாளு ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் பழைய கதை. இப்ப பதினொண்ணாவது ஆளுக்கு இன்னா பண்றது?" என்றார்.

"நான் நிக்கறேன்."

"எங்க?"

"கோல்ல."

முதலில் சிரித்தது பெருமாள்தான். கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அண்ணே, நீங்க பந்தைத் தொட்டதே இல்லியே!"

"தொட்டதில்ல. ஆனா இருவது வருசமா கோல்கீப்பரைத் திட்டியிருக்கேன். எங்க நிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

அப்புறம் கொட்டகையே சிரித்தது. கோவிந்தன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளையும் முழங்காலையும் அமுக்கிப் பார்த்தான், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. "நாளையிலருந்து காலையில ஆத்துக்கு வாங்க. பந்து வந்தா கண்ணை மூடக் கூடாது. அவ்ளோதான் பாடம்" என்றான். மேஸ்திரி கடிதத்தைத் திரும்பக் கேட்டார். அதைக் கிழித்துப் பட்டை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு வெள்ளி. எண்ணிப் பார்த்தேன், ஞாயிறோடு சேர்த்துப் பத்து நாள். இந்த முறை அவசரமே இல்லை. அன்று மாலையே பழைய குழித் தண்ணீரை ஒரு வாளி எடுத்து வந்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. முதல் நாள் அதில். அடுத்த நாள் கொஞ்சம் துவர்ப்பு. அப்படியே ஒவ்வொரு நாளும். காலையில் ஆற்று மணலில் கோவிந்தன் பந்தால் என் நெஞ்சையும் மூக்கையும் பதம் பார்க்கிறான். மூன்று பந்தில் ஒன்றைப் பிடிக்கிறேன். நாற்பத்தாறு வயதில் இது கம்மியா? இடுப்பு போன இடம் தெரியவில்லை.

முந்தாநாள் உன் வீட்டிலிருந்து பாபி வந்தாள். விஷயம் காதுக்குப் போய்விட்டது போலிருக்கிறது. வாசலில் நின்றபடியே வாளியையும் என்னையும் பார்த்தாள்.

"அந்த மனுசன் புது லுங்கியக் கிழிச்சாரு. நீங்க எதைக் கிழிக்கப் போறீங்க அண்ணா?"

"ஒண்ணும் கிழிக்க மாட்டேன் பாபி. ஒம்பது நாளு முறையா ஊறப் போடறேன்."

அவள் குனிந்து வாளித் தண்ணீரில் விரலை முக்கி நாக்கில் வைத்தாள். உன் பெண்டாட்டி அல்லவா! "சரியாத்தான் இருக்குது. நாளைக்கு கடுக்கா போடுங்க" என்றாள். பிறகு மடியிலிருந்து ஒரு துணியை எடுத்துத் திண்ணையின் மேல் வைத்தாள். அந்த லுங்கியில் நீ கிழிக்காமல் விட்ட கால் பாகம். துவைத்து மடித்து வைத்திருந்திருக்கிறாள். "அடி பட்டா கட்டிக்குங்க. படலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் கதையையும் செருப்பையும் சொன்னேன். "தெரியும்" என்றாள். "எங்கிட்ட மட்டும் உண்மையச் சொன்னாரு. நீங்க ஒரு நாளு மைதானத்துக்குத் திரும்பி வருவீங்கன்னும் சொன்னாரு." நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கரீம் இல்லாமல் நம்மால் கோல் போடுவது கஷ்டம். இஸ்மாயில் இல்லாமல் தடுப்பதும் கஷ்டம். அவர்களுடைய நெட்டை ஃபார்வர்டு அடிக்கிற பந்து கம்பத்தில் பட்டால் கம்பமே அரை மணி நேரம் ஆடும், அதை நான் வயிற்றில் வாங்க வேண்டும். கூட்டம் மூக்கைப் பொத்தும். பொத்தட்டும். ஒன்பது நாள் ஊறிய காலோடு வருகிறேன், வாடை நன்றாகவே வரும், ஆசை தீர மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும். ரைட்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலில் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதையும் பார்த்துவிடுவோம். நாலு கோல் விழட்டும், ஏழு விழட்டும், பத்து விழட்டும். ஒவ்வொரு தடவையும் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்துவிட்டு மறுபடி நிற்பேன்.

தண்ணீரில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தேன் இப்போது. துவர்ப்பு சரியாக இருக்கிறது. உள்ளங்காலைத் தட்டினால் பலகைச் சத்தம் வரவில்லை, மடக்கினால் மடங்குகிறது. காலைப் பாசஞ்சர் ஆறு மணிக்கு. உன் லுங்கித் துணியை இடுப்பில் சொருகிக்கொண்டு போகிறேன்.

இடைவேளை விசில் ஊதும்போது எந்தப் பக்கம் தண்டவாளம், எந்தப் பக்கம் ஸ்டேஷன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவேன். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து, கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நிற்பேன். ஆறு வருஷமாகப் பாக்கி நிற்கிறதே அந்த செகண்ட் ஹாஃப், அதை நாளைக்குக் கடைசி விசில் வரைக்கும் பார்க்கிறேன், தோஸ்த். கண்ணை மூடாமல் பார்க்கிறேன்.